ஆர்டிஸ் வெட்டிய மூன்று குழிகள்

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், யார் வீடு கட்டுவதென்றாலும் என்னிடம்தான் வர வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு ஆள் கிடையாது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குக் கோடியில், மனிதரைவிட மாடு அதிகமாக இருக்கும் இடம் இது. கோர்ட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு மேஜை. நாய்க்கு உரிமம், கல்யாணத்துக்குப் பதிவு, வீட்டுக்கு அனுமதி எல்லாம் அங்கேதான். மேஜைக்குப் பின்னால் இருப்பவள் நான், மர்னா ட்வெடன்.

கல்நெஞ்சக்காரி என்று ஊரில் எனக்குப் பெயர். என் சொந்தத் தம்பி கார் ஷெட் போட வந்தான். சாலையிலிருந்து இடைவெளி போதாது என்று திருப்பி அனுப்பினேன். அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்தில் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் போல நிம்மதியான கிறிஸ்துமஸ் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

அப்படிப்பட்ட நான் ஒருத்திக்காக மட்டும் அலுவலக முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பதினெட்டு மைல் போனேன். அவள் ஆர்டிஸ் நிகார்ட்.

ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் அவளிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கியவர்கள். இப்போது கவுண்டி போலீசுக்குத் தலைவராக இருக்கும் ஷெரிப்பையே, பையனாக இருந்தபோது பின் சீட்டில் பபிள்கம் ஒட்டியதற்காக, நடுவழியில் இறக்கிச் சுரண்ட வைத்தவள். ஷெரிப் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் வாயில் மெல்லுவதை விழுங்கிவிடுவார். பெருங்குரல், அதைவிடப் பெருஞ்சிரிப்பு. காற்று நம் பக்கமாக வீசினால் அவள் சிரிப்பது அடுத்த பண்ணைக்குக் கேட்கும்.

கல்யாணமான புதிதில் அவள் புருஷன் வெர்ன் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து அவர்கள் நிலத்தில் நிறுத்தினான். "இது சும்மா கொஞ்ச நாளைக்குத்தான். அடுத்த வருஷம் வீடு கட்டிடலாம்" என்றான். காற்றைத் தடுக்க நட்டிருந்த மரவரிசைக்குப் பின்னால் நல்ல சமதளமான இடம் ஒன்றைக் காலால் கோடு போட்டும் காட்டினான். அடுத்த வருடம் மழை இல்லை. அதற்கடுத்த வருடம் கன்றுக்குட்டிகளுக்கு நோய். அதற்கடுத்த வருடம் அவனுக்கு முதுகுவலி. இப்படியே அடுத்த வருடங்களை அடுக்கிக்கொண்டே போய், ஒருநாள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அரிசோனாவுக்குப் போய்விட்டான். அவனைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆர்டிஸ் கேட்டால் "பாவம்டி, போய்ட்டுப் போறான்" என்பாள்.

டிரெய்லர் மட்டும் அங்கேயே நின்றது. எங்கள் பக்கத்துக் காற்று சாதாரணக் காற்றல்ல. அது அடித்தால் டிரெய்லர் ஆடும், அலமாரியில் தட்டுகள் ஆடும், படுத்திருப்பவளும் ஆடுவாள்.

செப்டம்பரில் அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மர்னா, எனக்கு வீடு கட்டணும்டி."

"கட்டு."

"பகல் பூரா சக்கரத்து மேல ஓடுறேன். ராத்திரியும் சக்கரத்து மேலயே படுக்குறேன். அறுபத்திரண்டு வயசாச்சு. காத்தடிக்கும்போது ஆடாத கட்டில்ல ஒரு ராத்திரி தூங்கணும். அவ்வளவுதான். இந்த வருஷமே கட்டணும். அடுத்த வருஷம்னு மட்டும் என்கிட்டச் சொல்லிடாத, கடிச்சு வெச்சுடுவேன்."

அவள் கண்ணில் நீர் நின்றது. உடனே ஃபாரத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். எனக்கு அழுகை வந்தால் நான் சட்டம் படிப்பேன்.

சட்டம் இதுதான். செப்டிக் டேங்குக்கு மண் சரி என்று சுகாதார ஆய்வாளர் கையெழுத்துப் போடாமல் நான் பேனாவைத் தொடக்கூடாது. சாக்கடை இல்லாத பண்ணைகளில் வீட்டுக் கழிவுநீர் டேங்கிலிருந்து மண்ணுக்குள்தான் இறங்க வேண்டும். மண் அதை உறிஞ்சுமா என்று பார்க்கக் குழி வெட்ட வேண்டும். முதல் நாளே அதில் தண்ணீர் ஊற்றி ஊற விட வேண்டும். மறுநாள் ஆய்வாளர் வந்து, மறுபடி தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று அளப்பார். எங்கள் மண்ணோ களிமண். தண்ணீர் ஊற்றினால் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிடும், எழுந்து போகாது. ஆய்வாளரும் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பல கவுண்டிகளைச் சுற்றிவிட்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அக்டோபரை விட்டால் நிலம் உறைந்துவிடும். நிலம் உறைந்தால் அடித்தளம் போட முடியாது. அப்புறம் அடுத்த வருடம்தான்.

அக்டோபரில், ஆசிரியர்கள் மாநாட்டுக்காகப் பள்ளி விடுமுறை விட்ட வாரத்தில், நாள் கிடைத்தது. ஆர்டிஸ் முதல் நாளே வெர்ன் காட்டிய அந்தச் சமதளத்தில் மூன்று குழி வெட்டி, டிரெய்லரிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். மறுநாள் காலை ஆய்வாளருக்கு வழி காட்டுவதற்காக ஊருக்குள் வந்தாள். அவள் பண்ணைக்குப் போகும் பாதையில் பெயர்ப்பலகை கிடையாது. "செத்த மரம் தாண்டி, சிவப்பு மாட்டுப்பக்கம் திரும்பு" என்றுதான் சொல்லுவோம். மாடு அன்றைக்கு அங்கே நிற்க வேண்டுமே.

ஆய்வாளர் கெண்ட்ரா ஆஸ்டர்மன் முப்பதைத் தாண்டாத பெண். ஒல்லியாக, சுத்தமான பூட்ஸ் போட்டு, சிரிப்பதற்கே அனுமதிச் சீட்டு கேட்பவள் போல இருந்தாள். எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நானும் அவள் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

பண்ணைக்குப் போய், மரவரிசையைத் தாண்டி நடந்து, சமதளத்தில் நின்றோம். ஆர்டிஸ் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

குழிகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. புல் மட்டும் பச்சையும் மஞ்சளுமாகச் சீராகக் கிடந்தது.

"நேத்து வெட்டினேன். இங்கதான் வெட்டினேன். சத்தியமா வெட்டினேன்!" அவள் மண்டியிட்டுப் புல்லைத் தடவினாள்.

"எத்தனை குழி?" என்று கெண்ட்ரா நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மூணு!"

"இப்ப ஒண்ணும் இல்லை" என்றாள் கெண்ட்ரா. அதை எழுதியும் கொண்டாள்.

அப்போது வேலியோரம் எய்னார் ஸ்கார் குதிரையில் வந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபதைத் தாண்டியவர். ஆர்டிஸின் புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்துத் தன் கிடேரிகளை மேய்க்கிறவர். ஒரு வாரமாகக் காளைச் சந்தைக்குப் போய்விட்டு முந்தின நாள் சாயங்காலம்தான் திரும்பியிருந்தார். கவுண்டி முழுக்கத் தெரிந்த குழிச் சோதனை அவருக்கு மட்டும் தெரியாது. டெலிபோன் அடித்தால் எடுக்கும் பழக்கமும் அவருக்குக் கிடையாது.

"யோவ் எய்னார், இந்தப் பக்கம் காலையில யாராச்சும் வந்தாங்களா?" என்று கத்தினாள் ஆர்டிஸ்.

எய்னார் குதிரையின் காதைப் பார்த்தார். எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவருக்கு நல்லது செய்தால் யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டு நழுவிவிட வேண்டும். மாட்டிக்கொண்டால் திருட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி கூச்சப்படுவார்கள்.

"அது ஒண்ணுமில்ல" என்றார். "நாய் சைஸுல வளை தோண்டுமே, அந்த வளைக்கரடி நோண்டிப் போட்டிருந்துச்சு போல. மூணு பொந்து. மழத்தண்ணி வேற நின்னுச்சு. மாடு கால விட்டா முறிஞ்சிரும்ல. அதான் மூடிட்டேன்."

"மூடிட்டியா?"

"களிமண்ணப் போட்டு நல்லா திமிசு போட்டுட்டேன். மேல புல்லும் பேத்து வெச்சுட்டேன். இடம் தெரியாதுல்ல?" அவர் முகத்தில் லேசான பெருமை வந்தது.

"மழையே பெய்யலயேய்யா! தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிக்க மாட்டியா? எந்தக் கரடிய்யா இவ்ளோ நேரா, ஒரே அளவுல, மூணு குழி வெட்டும்?"

எய்னார் யோசித்தார். "நானும் அதத்தான் நெனச்சேன். கெட்டிக்காரக் கரடின்னு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆர்டிஸைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெருங்குரல்காரி மெல்லிய குரலில், "அடுத்த வருஷம்தான் போல" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. எய்னார் குதிரையிலிருந்து இறங்கித் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். விஷயம் முழுதும் தெரிந்ததும் அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

கெண்ட்ரா கல் மாதிரி நின்றாள். "புதுக் குழி வெட்டலாம். ஆனா ஒரு ராத்திரி ஊறணும். நாளைக்கு நான் வேற கவுண்டில இருக்கணும். விதியை என்னால வளைக்க முடியாதுங்க." என் தம்பியிடம் நான் பேசியதும் இதே குரலில்தான். இப்போது கேட்பவள் பக்கத்தில் நிற்கும்போது அது அவ்வளவு அழகாக இல்லை.

அவள் வண்டியைக் கிளப்பியபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. செத்த மரம் வரைக்கும்கூடப் போகவில்லை, மழை கொட்டியது. எங்கள் களிமண்மேல் மழை விழுந்தால் வெண்ணெய் தடவிய கண்ணாடிதான். வண்டி இடது பக்கம் போக நினைத்தது, கெண்ட்ரா வலது பக்கம் போக நினைத்தாள், கடைசியில் இருவரும் ஒத்துப்போய்ப் பள்ளத்தில் இறங்கினார்கள். நானும் உள்ளே இருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பாவமன்னிப்புத் தேடி எய்னார் டிராக்டரைக் கொண்டுவந்தார். சங்கிலி கட்டி ஒரு இழு இழுத்தார். டிராக்டர் அச்சுவரை புதைந்தது. எங்கள் வண்டி அசையவே இல்லை.

"இன்னிக்கு நீ தொட்டதெல்லாம் விளங்குதுய்யா" என்றாள் ஆர்டிஸ் நனைந்தபடி. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அவளால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சோகமாக இருக்க முடியாது, உடம்பு அப்படி. "சரி வாங்க, ஹாட்டிஷ் அடுப்புல சூடா இருக்கு. கண்ணு, நீயும் வா. உன் பூட்ஸு எங்க? ஓ, அதுதானா? களிமண் உருண்டைன்னு நெனச்சேன்."

நான்கு பேரும் டிரெய்லருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து உருளைக்கிழங்கும் கறியுமான அந்த ஹாட்டிஷைச் சாப்பிட்டோம். ஆர்டிஸ் மூன்றாவது தடவை கெண்ட்ராவின் தட்டில் போட்டபோது அவள் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டாள். மழை நின்றது. மழைக்குப் பின்னால் வழக்கம்போல் காற்று வந்தது. டிரெய்லர் ஆடத் தொடங்கியது.

கெண்ட்ரா மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இது... எப்பவும் இப்படித்தானா?"

"இதுவா? இது தென்றல்" என்றாள் ஆர்டிஸ், காபி ஊற்றிக்கொண்டே. கோப்பை நகர நகர, கெட்டிலும் பின்னாலேயே நகர்ந்து போய் ஊற்றியது.

கெண்ட்ரா பேச்சை மாற்ற ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. நிலம் முழுக்கக் குட்டை குட்டையாகத் தண்ணீர் மின்னியது. மரவரிசைக்குப் பின்னால், எய்னார் மூடிய இடம், ஏரியாகவே ஆகியிருந்தது.

"அந்தப் பஸ்ஸை ஏன் அவ்ளோ தூரத்துல, மேட்டுல நிறுத்தியிருக்கீங்க?"

"அங்கதான் சிக்காது. எவ்ளோ மழை பெஞ்சாலும் காலைல டயர் பதியாம வெளிய வந்துரும். இத்தனை வருஷமா அங்கதான்..."

ஆர்டிஸ் நிறுத்தினாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். கெண்ட்ரா அதற்குள் களிமண் உருண்டைகளுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

மேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. ஆர்டிஸ் பேருந்தை நகர்த்தினாள். எய்னார் கடப்பாரையை யாரிடமும் கொடுக்கவில்லை, தானே வெட்டினார். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கூழாங்கல்லும் மணலும் கலந்து வந்தது. எந்தக் காலத்திலோ ஆறு ஓடிய தடமாக இருக்க வேண்டும். கெண்ட்ரா ஒரு பிடி அள்ளி விரலுக்கிடையே விட்டுப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

"தண்ணி ஊத்துங்க. ராத்திரி ஊறட்டும். எப்படியும் நான் எங்கேயும் போகப்போறதில்ல."

ஆர்டிஸ் அந்த மேட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். வெர்ன் கோடு போட்ட இடத்தில் நிழல் உண்டு, மறைப்பு உண்டு. இங்கே எதுவும் இல்லை. நாலு பக்கமும் வானம்.

"காத்து பிச்சுக்கிட்டுப் போகும்டி இங்க" என்றேன்.

"அடிக்கட்டுமே. வீடு ஆடாதுல்ல?"

நான் செய்த ஒரே தவறு, அங்கிருந்து ஒரே ஒருத்திக்குப் போன் செய்ததுதான். மறுநாள் காலை, இரவுக் குளிரில் களிமண் உறைந்து சிமெண்டுத் தரை மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. அதன்மேல் வண்டி வண்டியாக ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்தாள். ஒருத்தர் மடக்கு நாற்காலி கொண்டுவந்து குழிக்கு எதிரே போட்டு, சினிமாவுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். பேருந்துப் பிள்ளைகள், முன்னாள் பேருந்துப் பிள்ளைகள், ஷெரிப்கூட வந்திருந்தார். எதையும் மெல்லவில்லை.

கெண்ட்ரா தண்ணீர் ஊற்றி அளவுகோலை இறக்கினாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். தண்ணீர் இறங்கியது. கண் முன்னாலேயே இறங்கியது.

"போகுது! போகுது!" என்று கத்தினார்கள். "போ ராசா, போ!" என்று நாற்காலிக்காரர் கைதட்டினார். ஆர்டிஸ் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கும் போலிருந்தது.

கெண்ட்ரா மட்டும் சிரிக்கவில்லை. "இவ்ளோ வேகமாப் போகக்கூடாது" என்றாள்.

"என்னது?"

"ரொம்ப வேகமா இறங்கினா அழுக்குத் தண்ணி வடிகட்டாமக் கிணத்துக்குப் போயிரும். அப்பவும் அனுமதி கிடையாது."

சத்தம் சட்டென்று நின்றது. இரண்டாம் தடவை ஊற்றினாள். இப்போது அத்தனை பேரும் தலைகீழாக வேண்டிக்கொண்டிருந்தோம். "நில்லு, நில்லு, அவசரம் என்ன?" என்று நாற்காலிக்காரர் தண்ணீரிடம் கெஞ்சினார். எய்னார் தொப்பியை முகத்தின்மேல் வைத்துக்கொண்டு, "என்னன்னு சொல்லுங்க, நான் பாக்க மாட்டேன்" என்றார். அளவு குறித்தாள். மூன்றாம் தடவை. நான்காம் தடவை. கூழாங்கல் நன்றாக நனைந்தபின் தண்ணீர் நிதானத்துக்கு வந்தது. அவசரமும் இல்லை, சோம்பலும் இல்லை. கெண்ட்ரா கடைசி எண்ணை எழுதி, கூட்டி, வகுத்து, சரிபார்த்து, மறுபடியும் சரிபார்த்தாள். அவளை அறையலாம் போலிருந்தது எனக்கு. என்னிடம் வரிசையில் நிற்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"பாஸ்" என்றாள்.

கூட்டம் போட்ட சத்தத்தில் எய்னாரின் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. யாரும் பிடிக்கப் போகவில்லை.

கெண்ட்ரா பேருந்தின் முகப்பில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அடுத்தது என் முறை. வீட்டின் நான்கு மூலையும் தெரிந்தால்தான் சாலைக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க முடியும். மூலைக்கு ஒருவராக நான்கு பேரை நிற்க வைத்துக் கயிறு கட்டினோம். நானே நாடா பிடித்து அளந்தேன். தூரம் தாராளமாக இருந்தது. கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தேன்.

"ஏண்டி, இத ஆபீஸ்லேருந்து வெளிய கொண்டுவரலாமா?" என்றாள் ஆர்டிஸ்.

"கூடாதுன்னு எங்கயும் எழுதல. நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

குத்தினேன். முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது. ஆர்டிஸ் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் போய், கயிற்றில் வாசலுக்காக விட்டிருந்த இடைவெளியில் நின்று, பூட்ஸைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தாள். சாக்ஸ் காலோடு உள்ளே போய்த் திரும்பினாள்.

"என்ன எல்லாரும் வெளியவே நிக்குறீங்க? வாங்க உள்ள! பூட்ஸ வாசல்லயே விட்டுருங்க, என் தரைய அழுக்காக்காதீங்க."

வெயில் ஏறி மண் இளகத் தொடங்கியிருந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, மறுக்கவில்லை. ஷெரிப் உட்பட எல்லாரும் குனிந்து களிமண் பூட்ஸைப் பிடுங்கிக் கழற்றினோம். வாசலில் பூட்ஸ் குவிந்தது. சாக்ஸ் காலோடு, ஈரப் புல்லில், ஒருவர் பின் ஒருவராக வாசல் வழியாக மட்டும் நுழைந்தோம். கயிற்றைத் தாண்டி யாரும் வரவில்லை. கெண்ட்ராவும் வந்தாள்.

எய்னார் மட்டும் வெளியே நின்றார்.

"யோவ், அங்க என்ன வேடிக்கை? வா உள்ள. காபி ஆறுது."

"நான் வெளியவே நிக்குறேன் ஆர்டிஸ். நான் செஞ்ச காரியத்துக்கு..."

"நீ மூடலன்னா நான் அந்தச் சேத்துலயே சோதனை பண்ணித் தோத்துப்போயிருப்பேன்யா. கழட்டு பூட்ஸ."

அவர் கழற்றினார். சாக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்தது. வாசல் வழியாக மெதுவாக வந்து, நடுவில் நின்று, சுற்றும் முற்றும் பார்த்து, "எங்க உக்காரட்டும்?" என்று கேட்டார்.

"அது சமையலறை. ஜன்னல் பக்கமா உக்காரு, வெளிச்சமா இருக்கும்."

எய்னார் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில், ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தார்.